தேன் அடைத்த டப்பாவும் சிமெண்ட் அடைக்காத கிணறும்

எங்கள் கல்லூரி இயற்பியல் மன்றத்தில் ஆண்டுக்கு ஒரு முறை அறிவியலோடு தொடர்புள்ள திரைப்படம் ஒன்றைக் காட்டுவது வழக்கம். இம்முறை மாணவர்கள் தேர்ந்தெடுத்தது ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ என்னும் ஆங்கிலப் படம். 2016-ல் வெளிவந்தது. பீட்டர் பெர்க் இயக்கியது. மார்க் வால்பெர்க், கர்ட் ரஸ்ஸல், ஜான் மால்கோவிச் ஆகியோர் நடித்தது. 2010-ம் ஆண்டு ஏப்ரல் 20-ம் நாள் இரவு மெக்ஸிகோ வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கிணறு பீறிட்டு, அதைத் துளைத்துக் கொண்டிருந்த மிதவை மேடை தீப்பற்றி, 11 பேர் உயிரிழந்த உண்மை நிகழ்ச்சியைச் சொல்லும் படம் அது.

படம் முடிந்ததும் விளக்கைப் போட்டோம். யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி அரை மணி நேர நெருப்பு அனைவரையும் நாற்காலியோடு கட்டிப் போட்டிருந்தது. பிறகு இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: “சார், கிணத்தோட அடியில சிமெண்ட் போட்டு அடைச்சுட்டாங்க இல்லையா? அப்புறம் ஏன் சார் வெடிச்சது? அந்த கம்பெனிக்காரர் கெட்டவர்ங்கறதாலயா?”

கேலியாகக் கேட்ட கேள்வியல்ல அது. படம் பார்த்தவர்களுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் நல்லவர், கெட்டவர் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தம் ஒன்றுதான். ஆகவே அந்த மாணவிக்குச் சொன்ன விடையையே இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன். இது படத்தைப் பழிப்பதற்காக எழுதுவதன்று. நன்றாக எடுக்கப்பட்ட படம். ஆனால் அறிவியலை நம்பி எடுக்கப்பட்ட ஒரு படம் எங்கே சரியாகச் சொல்கிறது, எங்கே வழி தவறுகிறது என்று பார்ப்பது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களின் கடமையன்றோ?

தேன் எப்படி அடைத்தது?

படத்தின் தொடக்கத்தில் ஓர் அருமையான காட்சி. கதாநாயகனின் சிறு மகள், அப்பா என்ன வேலை செய்கிறார் என்பதைப் பள்ளியில் சொல்லிக் காட்ட ஒத்திகை பார்க்கிறாள். ஒரு கோகோ கோலா டப்பாதான் பூமிக்கடியில் உள்ள எண்ணெய்ப் படுகை. அதில் ஓர் உலோகக் குழாயைச் செருகுகிறாள், அதுதான் கிணறு. பானம் பீறிட்டு வராமல் இருக்கக் குழாயில் தேனை ஊற்றுகிறாள். அதுதான் துளையிடும்போது பயன்படும் சேறு. எல்லாரும் மெச்சுகிறார்கள். சிறிது நேரத்தில் தேனையும் தள்ளிக்கொண்டு டப்பா பீறிடுகிறது.

திரைக்கதை என்ற முறையில் இதைக் குறை சொல்ல இடமில்லை. வரப்போகும் கேட்டை ஒரு சமையலறை மேசையிலேயே காட்டி விடுகிறார்கள். சாதாரண மக்களுக்கு ஆழ்கடல் துளைப்பணியை இரண்டு நிமிடத்தில் விளக்குவது எளிதல்ல. ஆயினும் இயற்பியல் வகுப்பில் இந்த உவமையை அப்படியே ஏற்க முடியாது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். டப்பாவிலுள்ள கரியமில வாயுவின் அழுத்தம், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடச் சதுர செ.மீ.க்கு 2 கிலோகிராம் அதிகம் என்று குறைவாகவே வைத்துக் கொள்வோம். தேனின் அடர்த்தி ஏறத்தாழ 1.4. பத்து மீட்டர் உயரத் தண்ணீர்த் தூண் சதுர செ.மீ.க்கு 1 கிலோ அழுத்தம் தரும் என்பது நமக்குத் தெரியும். அப்படியானால் பத்து மீட்டர்த் தேன் 1.4 கிலோ தரும். 2 கிலோ அழுத்தத்தைத் தேனின் எடையால் மட்டும் தடுக்க வேண்டுமானால், சுமார் 14 மீட்டர் உயரத்துக்குத் தேன் வேண்டும். அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம்! அந்தச் சிறுமி ஊற்றியதோ சில சென்டிமீட்டர்.

அப்படியானால் அந்தத் தேன் சிறிது நேரமாவது தாக்குப் பிடித்தது எப்படி? தன் பாகுநிலையால். தேன் பிசுபிசுப்பானது, குறுகிய குழாயில் மெதுவாகத்தான் நகரும். ஆனால் பாகுநிலை ஓட்டத்தைத் தாமதப்படுத்துமே தவிர, நிறுத்தாது. கிணற்றில் ஊற்றும் சேறு அப்படி வேலை செய்வதில்லை. அது ஒட்டிக்கொண்டு அடைப்பதில்லை. தன் எடையால் அழுத்துகிறது. பேரைட் போன்ற கனத்த தாதுப் பொடியை அதில் கலப்பதே அடர்த்தியைக் கூட்டத்தான்.

இந்த வேறுபாடு அற்பமானதன்று. படத்தின் உவமை மனத்தில் பதிந்தவர், கிணற்றில் எதையாவது பிசுபிசுப்பாக ஊற்றினால் அடைபட்டுவிடும் என்று நினைப்பார். எடையே அடைப்பு என்று புரிந்தவரோ வேறு கேள்வி கேட்பார்: “அந்த எடையை எடுத்துவிட்டால் என்ன ஆகும்?” அன்றிரவு நடந்தது முழுவதும் இந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருக்கிறது.

கரும்பலகையில் ஒரு கணக்கு

மக்கோண்டோ என்று பெயரிடப்பட்ட அந்தக் கிணறு, லூசியானா மாநிலக் கரைக்கு அப்பால், 1,500 மீட்டருக்குச் சற்று அதிகமான ஆழமுள்ள கடலில் இருந்தது. கிணற்றின் அடி, மேடையிலிருந்து ஏறத்தாழ 5,580 மீட்டர் ஆழம். அங்கே பாறையிலிருந்த எண்ணெய், எரிவாயுவின் அழுத்தம் சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 830 கிலோ. கிணற்றை நிரப்பியிருந்த சேற்றின் அடர்த்தி 1.68.

மாணவர்கள் தாளை எடுத்துக் கொள்ளலாம். 5,580 மீட்டர் என்பது 558 பத்து மீட்டர்கள். 558-ஐ 1.68-ஆல் பெருக்கினால் 937. பாறையின் அழுத்தம் 830. சேற்றின் அழுத்தம் 937. ஆகவே சேறு இருக்கும்வரை எண்ணெய் மேலே வர இயலாது. சிமெண்டே இல்லாவிட்டாலும் கிணறு அமைதியாக இருக்கும்.

ஏப்ரல் 20-ம் நாள் அந்த மேடை செய்ய வேண்டிய வேலை, கிணற்றைத் தற்காலிகமாக மூடிவிட்டு விலகிச் செல்வது. பிறகு வேறொரு மேடை வந்து எண்ணெய் எடுக்கும். அதற்காக மேல்பகுதியிலிருந்த சேற்றை நீக்கிவிட்டுக் கடல்நீரை நிரப்பத் திட்டம். எவ்வளவு ஆழம் வரை? மேடையிலிருந்து ஏறத்தாழ 2,550 மீட்டர் வரை. அதாவது கடலடிக்குக் கீழே சுமார் 1,000 மீட்டர் வரை.

கணக்கை மறுபடி போடுவோம். கடல்நீரின் அடர்த்தி 1.03. மேலே 255 × 1.03 = 263. கீழே எஞ்சிய சேறு 303 × 1.68 = 509. மொத்தம் 772. பாறையின் 830-க்கு இது ஏறத்தாழ 60 கிலோ குறைவு!

60 கிலோ என்பது ஒரு நெல் மூட்டையின் எடை. சதுர சென்டிமீட்டர் என்பது ஒரு விரல் நகத்தின் அளவு. ஒவ்வொரு விரல் நக அளவிலும் ஒரு நெல் மூட்டை கீழிருந்து மேலே தள்ளுகிறது என்று எண்ணிப் பாருங்கள். இதுவும் தொடக்கத்தில்தான். எண்ணெயும் வாயுவும் புகுந்து சேற்றின் இடத்தைப் பிடிக்கப் பிடிக்க இந்தக் குறை வளரும். இப்போது கிணற்றைக் காப்பது எடையன்று. அடியில் போட்ட சிமெண்ட் ஒன்றுதான்.

அந்தச் சிமெண்டோ ஏறத்தாழ 60 பீப்பாய்; அதாவது 9,500 லிட்டர். ஒரு தண்ணீர் லாரித் தொட்டிக்குள் அடங்கிவிடும். அடியிலிருந்த பாறை வலுக் குறைந்தது. கனமான குழம்பை இறக்கினால் பிளந்துவிடும். அதற்காக நைட்ரஜன் குமிழிகளைக் கலந்து, நுரைச் சிமெண்டாக இலேசாக்கி இறக்கினார்கள். குமிழிகள் சீராகப் பரவி அப்படியே இறுகினால் நல்லது. ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதானால் சிமெண்ட் கடற்பஞ்சு போலாகும். அமெரிக்க அதிபர் அமைத்த தேசிய ஆணையம், பின்னர் இதே வகைப் பொருள்களைக் கொண்டு செவ்ரான் நிறுவனத்தின் ஆய்வுக் கூடத்தில் சோதனைகள் நடத்தியபோது அந்த நுரை நிலையாக நிற்கவில்லை.

படம் சுமத்தும் பழி

படத்தில் ஒரு காட்சி வருகிறது. கதாநாயகனும் மற்றவர்களும் ஹெலிகாப்டரில் வந்து இறங்கும்போது, சிமெண்டைச் சோதிக்க வந்திருந்த குழுவினர் சோதனை செய்யாமலே திரும்பிப் போகிறார்கள். பணத்தையும் நேரத்தையும் மிச்சம் பிடிக்க அவர்களை அனுப்பிவிட்டார்கள் என்பது குற்றச்சாட்டு. இது நடந்ததுதான். ஷ்லம்பர்ஜே நிறுவனக் குழு அன்று காலை திரும்பியது உண்மை.

ஆனால் படம் இதையே முதற் குற்றம் போல நிறுத்துகிறது. இங்கேதான் நான் முரண்படுகிறேன். அந்தச் சோதனை என்ன செய்யும்? உறைக் குழாய்க்குள் ஒரு கருவியை இறக்கி, ஒலி அலைகளை அனுப்பி, குழாய்க்கு வெளியே பாறைக்கும் குழாய்க்கும் இடையிலுள்ள வளைய இடைவெளியில் சிமெண்ட் பற்றியிருக்கிறதா என்று கேட்கும். மண்பானையைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, ஏறத்தாழ அதுபோல. ஆனால் குழாயின் அடிமுனைக்குள் அடைபட்டிருக்கும் சிமெண்டை அது சோதிக்காது. அந்தச் சிமெண்டுக்கு மேலே வரைதான் கருவி இறங்க முடியும். பின்னர் நடந்த விசாரணைகளோ, எண்ணெய் உறைக் குழாயின் அடிமுனை வழியாகத்தான் உள்ளே புகுந்து மேலேறியது என்ற முடிவுக்கு வந்தன. ஆகவே அந்தச் சோதனை நடந்திருந்தால் கேடு நிச்சயம் தவிர்க்கப்பட்டிருக்கும் என்று சொல்வதற்கில்லை. வெளிப்புறச் சிமெண்ட் மோசம் என்று தெரிந்திருந்தால் எச்சரிக்கை பிறந்திருக்கலாம், அவ்வளவுதான்.

இதே போலக் கடலடியில் குமிழிகள் கசிவதைப் படம் இடையிடையே காட்டுகிறது. பார்ப்பவருக்குத் திகில் ஏற்படுகிறது. ஆனால் உண்மை ஆபத்து யார் கண்ணிலும் படாமல் குழாய்க்குள்ளேதான் இருந்தது. கண்ணுக்குத் தெரியாததை அளவுமானியைக் கொண்டு அறிவது எப்படி என்பதே அன்றைய சிக்கல். குமிழிகளைக் காட்டியதால் அந்தச் சிக்கலின் கூர்மை மழுங்கிவிட்டது.

படம் வாய் திறக்காத அடைப்பு

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். கடல்நீரை நிரப்பிய பிறகு, கடலடிக்குக் கீழே ஏறத்தாழ 1,000 மீட்டரில், சுமார் 90 மீட்டர் நீளத்துக்கு இரண்டாவது சிமெண்ட் அடைப்பு ஒன்று போடுவதாகத் திட்டம். அந்த அடைப்பு போடப்படவே இல்லை. அதற்கான வேலை நடக்கும்போதுதான் கிணறு பீறிட்டது. படத்தில் இந்த அடைப்பைப் பற்றி மனத்தில் நிற்கும்படி ஒரு பேச்சும் இல்லை. நாடகம் முழுவதும் இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நீண்ட கிணற்றின் நடுவில் சிமெண்ட் அடைப்புப் போடுவது, பாட்டில் வாயில் தக்கை வைப்பது போல எளிதன்று. எங்கள் ஆய்வுக் கூடத்தில் மாணவர்களுக்கு ஒரு சோதனை காட்டினேன். நீங்களும் செய்து பார்க்கலாம். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயின் அடியை அடைத்து, முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புங்கள். அதன் மேல் மைச்சாயம் கலந்த செறிந்த உப்புக் கரைசலை மெல்ல ஊற்றுங்கள். கரைசல் மேலே நிற்காது. விரல் விரலாகக் கீழே இறங்கும். தண்ணீர் மேலேறும். சில வினாடிகளில் குழாய் முழுவதும் நீலம். உப்புக் கரைசலின் அடர்த்தி 1.2-தான். சிமெண்ட் குழம்பின் அடர்த்தி 1.9 வரை இருக்கும். கீழே கடல்நீர் 1.03. கனமானது மேலே, இலேசானது கீழே என்றால் இயற்கை பொறுத்துக் கொள்ளாது.

குழாயைச் சற்றுச் சாய்த்துப் பிடித்தால் இன்னும் வேடிக்கை. கனமான கரைசல் கீழ்ச் சுவரோடும் தண்ணீர் மேல்ச் சுவரோடும் தனித்தனி வழி பிடித்து விரைவாக இடம் மாறும். சாய்ந்த குழாயில் இரத்த அணுக்கள் விரைவாகப் படிவதை 1920-ல் பாய்காட் என்பவர் கவனித்து எழுதினார். அவர் கண்டதும் இதன் உறவுக்காரர்தான். இக்காலக் கிணறுகள் பல சாய்வாகத் துளைக்கப்படுவதால் அடைப்புப் போடுவோருக்கு இது பெருந்தொல்லை.

இதைத் தவிர்க்க என்ன செய்கிறார்கள்? அடைப்பு வர வேண்டிய இடத்துக்குக் கீழே, களிமண் கலந்து கூழ் போலக் கெட்டியாக்கிய குழம்பை முதலில் இறக்குகிறார்கள்; அல்லது உலோகத்தாலும் ரப்பராலும் ஆன அடைப்பான் ஒன்றை விரித்து நிறுத்துகிறார்கள். மாணவர்களுக்கு இதையும் காட்டினேன். தண்ணீருக்குப் பதிலாக ஜவ்வரிசிக் கஞ்சியை ஆறவிட்டு ஊற்றி, அதன் மேல் கரைசலை விட்டபோது அது வகுப்பு முடியும் வரை மேலேயே நின்றது. தேனின் பாகுநிலைக்கு இங்கேதான் உண்மையான வேலை இருக்கிறது!

அடுத்தது சிமெண்டை இறக்கும் முறை. துளைக் குழாய் வழியாகச் சிமெண்டை அனுப்பும்போது அதற்கு முன்னும் பின்னும் ஓர் இடைத் திரவம் செல்லும். சேறும் சிமெண்டும் கலந்துவிடாமல் காப்பது அதன் வேலை. குழாய்க்கு உள்ளேயும் வெளியேயும் சிமெண்டின் மட்டம் சமமாக வரும்படி அளந்து நிறுத்த வேண்டும். நம் U-குழாயில் இரு புறமும் மட்டம் சமமாக நிற்பது போலத்தான். பிறகு துளைக் குழாயை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். அவசரப்பட்டு இழுத்தால், குழாய் விட்டுச் செல்லும் இடத்தில் சேறு புகுந்து சிமெண்டைக் கெடுக்கும். பாயசத்திலிருந்து கரண்டியை வெடுக்கென்று எடுத்தால் என்ன ஆகிறது? அதுதான். பிறகு இறுகும்வரை காத்திருக்க வேண்டும். கடைசியில் துளைக் குழாயை அதன் மேல் ஊன்றி எடையை ஏற்றிப் பார்க்க வேண்டும். அழுத்தம் கொடுத்தும், அழுத்தத்தைக் குறைத்தும் சோதிக்க வேண்டும். போட்டோம் என்பது அடைப்பாகாது. சோதித்தோம் என்பதே அடைப்பு.

சேறு கலந்த சிமெண்ட் சரியாக இறுகாது என்று சொன்னேனல்லவா? இப்போது மக்கோண்டோவின் விந்தையைப் பாருங்கள். இரண்டாவது அடைப்பைச் சேற்றில் போட்டால் சிமெண்ட் கெடலாம், கடல்நீரில் போட்டால் சுத்தமாக இறுகும் என்பது, சேற்றை முதலில் நீக்கியதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று! நல்ல அடைப்பு வேண்டும் என்ற நியாயமான விருப்பமே, அடைப்பு இல்லாத நேரத்தில் எடையை எடுக்கும்படி செய்தது. கூரையில் புது ஓடு போட வேண்டும் என்று, மழைக்காலத்தில் பழைய ஓட்டை முழுவதும் பிரித்துப் போட்டது போல.

சேற்றிலும் சிமெண்ட் அடைப்புப் போட முடியும். தொழிலில் அது வழக்கமானதே என்று தேசிய ஆணையம் 2011-ல் வெளியிட்ட அறிக்கையில் சுட்டிக் காட்டியது. முதலில் அடைப்பு, பிறகு சேற்றை நீக்குதல் என்று வரிசையை மாற்றியிருக்கலாம். இரும்பு அடைப்பான் ஒன்றை இடையில் நிறுத்தியிருக்கலாம். அடைப்பை மேலே, கடலடிக்கு அருகே வைத்திருந்தால் இவ்வளவு சேற்றை நீக்கவே வேண்டியிராது. அக்காலத்து விதியும் வழக்கமாகக் கடலடிக்குக் கீழே 1,000 அடிக்கு மேல் ஆழமாக வைக்கக் கூடாது என்றே சொன்னது. 3,000 அடிக்குக் கீழே வைக்க பி.பி. நிறுவனம் தனி அனுமதி கேட்டது. அரசுத் துறை ஒன்றரை மணி நேரத்துக்குள் அனுமதி அளித்துவிட்டது.

இந்த அனுமதிக் கடிதத்தைப் படமாக்கினால் யார் பார்ப்பார்கள் என்று இயக்குநர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் ஒரே ஒரு வசனம் போதும்: “சேற்றை எடுப்பதற்கு முன்னால் அடைப்பைப் போட்டால் என்ன?” இந்தக் கேள்வியை அந்தச் சிறுமியே தன் டப்பாவை வைத்துக்கொண்டு கேட்டிருக்கலாம்.

படம் வெல்லும் இடம்

இவ்வளவு சொன்ன பிறகு படத்தின் சிறப்பையும் சொல்லாவிட்டால் அது நேர்மையாகாது. எதிர் அழுத்தச் சோதனைக் காட்சி அறிவியல் ஆசிரியர்கள் அனைவரும் வகுப்பில் காட்ட வேண்டிய காட்சி.

சோதனை இதுதான்: கிணற்றின் மேல் உள்ள அழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்து, வடித்துவிட்டு, மூடிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அடியிலுள்ள சிமெண்ட் நல்லதானால் அழுத்தமானி சுழியிலேயே நிற்கும். அன்று மாலை அப்படி நிற்கவில்லை. வடித்துவிட்டால் மறுபடி ஏறியது. கடைசியில் துளைக் குழாயில் சதுர அங்குலத்துக்கு 1,400 பவுண்டு, அதாவது சதுர செ.மீ.க்கு ஏறத்தாழ 98 கிலோ என்று நின்றது. பிறகு அதே சோதனையைக் ‘கில் லைன்’ எனப்படும் பக்கக் குழாய் வழியாகச் செய்தார்கள். அதில் சுழி, ஓட்டமும் இல்லை. துளைக் குழாயிலோ 1,400 அப்படியே இருந்தது.

இரண்டும் ஒரே கிணற்றில் திறக்கும் இரண்டு குழாய்கள். U-குழாயின் இரண்டு புயங்கள். ஒன்றில் 98, மற்றொன்றில் சுழி என்றால், ஒன்று பாஸ்கல் விதி பொய். அல்லது ஒரு குழாய் அடைபட்டிருக்கிறது. பாஸ்கல் விதி பொய்யாகாது. ஆனால் மேடையில் இருந்தவர்கள் மூன்றாவதாக ஒரு விளக்கத்தை ஏற்றுக் கொண்டார்கள். மேலேயுள்ள கனத்த சேறு ரப்பர் வளையத்தைப் பை போல அமுக்குவதால் துளைக் குழாயில் அழுத்தம் தெரிகிறது என்பது அந்த விளக்கம். அப்படி ஒரு விளைவு கிடையாது என்று பின்னர் நிபுணர்கள் சொன்னார்கள். பக்கக் குழாயைக் கெட்டியான இடைத் திரவம் அடைத்திருக்கலாம். எப்படியிருந்தாலும் சுழி காட்டிய மானியை நம்பினார்கள்; 98 காட்டிய மானியை நம்பவில்லை. இரவு 8 மணியளவில் சோதனை வெற்றி என்று முடிவாயிற்று. 9.49-க்கு மேடை வெடித்தது.

மால்கோவிச் இந்த விளக்கத்தைச் சொல்லும் விதத்தைப் பாருங்கள். மிக நயமாக, நம்பும்படி சொல்கிறார். படம் அவரை வில்லனாக்கிவிடுவதால், நாம் ஏமாறமாட்டோம் என்று பார்ப்பவர் நிம்மதி அடைகிறார். அதுதான் படத்தின் பெரிய குறை. உண்மையில் அந்த அறையில் இருந்தவர்கள் அனுபவசாலிகள். தங்கள் உயிரும் அதே மேடையில்தான் என்று அறிந்தவர்கள். அவர்கள் சாகத் துணிந்து பொய் சொல்லவில்லை. களைத்துப்போன நாளின் முடிவில், வேலை முடியும் தறுவாயில், எதிர்பார்த்த விடையை மானியில் தேடினார்கள். தேடியவர்களுக்கு ஒரு மானி அதைக் காட்டியும் விட்டது.

வாசகர்களே, இப்போது சற்று நம் பக்கம் திரும்புவோம். தனி ஊசலை வைத்து g-யின் மதிப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை உங்களுக்கு நினைவிருக்கும். விடை 980 வர வேண்டும் என்று முன்பே தெரியும். 1,040 வந்தால் என்ன செய்தோம்? அலைவு நேரத்தை மெல்ல மாற்றி எழுதி 978 ஆக்கினோம். நானும் மாணவனாக இருந்தபோது செய்திருக்கிறேன். இப்போது ஆசிரியனாக, ஐம்பது பதிவேடுகளிலும் 978-லிருந்து 982 வரையே இருப்பதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டும் இருக்கிறேன். 1,040 வந்த மாணவன் அதை அப்படியே எழுதி, ஏன் வந்தது என்று ஒரு பக்கம் எழுதினால் அவனுக்கல்லவா முழு மதிப்பெண் தர வேண்டும்? ஒத்துவராத அளவீட்டைச் சொல்லிக் கொடுக்காத விளக்கத்தால் மூடுவதை நாம் ஆய்வுக் கூடத்திலேயே பழக்குகிறோம். அந்தப் பழக்கம் ஊசலோடு நின்றுவிடும் என்று யார் சொன்னது?

அந்த மாணவிக்குச் சொன்ன விடை

கடைசியில் அந்தக் கிணற்றை அடைத்தது எது தெரியுமா? வெடித்து இரண்டாம் நாள், ஏப்ரல் 22-ல், மேடை மூழ்கியது. 87 நாட்கள் எண்ணெய் கடலில் கலந்தது. ஜூலை 15-ல் ஒரு மூடியை மேலே பொருத்தி ஓட்டத்தை நிறுத்தினார்கள். ஆகஸ்டில் மேலிருந்து கனத்த சேற்றை இறக்கினார்கள், பிறகு சிமெண்ட். பக்கத்தில் வேறொரு கிணறு துளைத்து அடிக்குச் சென்று அங்கும் சிமெண்ட் செலுத்திய பிறகு, செப்டம்பர் 19-ம் நாள் கிணறு மாண்டது என்று அறிவித்தார்கள். முதலில் எடை, பிறகு அடைப்பு, பிறகு சோதனை. ஏப்ரலில் பின்பற்ற வேண்டியிருந்த அதே வரிசை!

இது நமக்கு எட்டாத தொலைவில் நடந்த கதை என்று ஒதுக்கவும் முடியாது. காவிரிப் படுகையில் 1960-களிலிருந்து எண்ணெய்க் கிணறுகள் துளைக்கப்பட்டு வருகின்றன. பயன் முடிந்த கிணறு எதுவானாலும், எந்த நாட்டிலானாலும், சிமெண்ட் அடைப்புகளால்தான் மூடப்பட வேண்டும். நம் மாணவர்களில் சிலர் நாளை அத்தகைய கிணற்றின் அருகே அளவுமானியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். வேறு சிலர் கிணற்றுக்குப் பக்கத்து வயலில் நின்று, “அடைத்தீர்கள் சரி, எப்படிச் சோதித்தீர்கள்?” என்று கேட்பார்கள். இரு சாராருக்கும் இந்த இயற்பியல் வேண்டும்.

ஆகவே படத்தைப் பாருங்கள். இறந்த 11 பேரின் படங்களைக் காட்டி முடிக்கும்போது தலை குனியாமல் இருக்க முடியாது. ஆனால் பார்க்கும்போது கையில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும். நெருப்புக் காட்சியில் அல்ல, அதற்கு முன்னால், இரண்டு மானிகள் இரண்டு எண்களைக் காட்டும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். நிறுத்திவிட்டு U-குழாயை வரைந்து பாருங்கள்.

அந்த மாணவிக்கு நான் சொன்ன விடையும் அதுவே. “கெட்டவர் என்பதால் இல்லை அம்மா. அடைப்புப் போடுவதற்கு முன்னால் எடையை எடுத்தார்கள். அடியில் போட்ட அடைப்பு சரியில்லை என்று மானி சொன்னபோது கேட்கவில்லை.” அவள் சிறிது நேரம் யோசித்தாள். பிறகு, “அப்போ நல்லவங்களா இருந்தாலும் வெடிச்சிருக்கும் இல்ல சார்?” என்றாள்.

ஆமாம். வெடித்திருக்கும். படம் சொல்லாமல் விட்டது அதைத்தான்.